ஏழு பட்டாளப் புத்தகமும் லதா வீட்டுக் கிணறும்

மிதுனம் 9, திங்கள்
விடியும் முன்னே மழை. தொழிலுறப்பு நூறுநாள் வேலை இல்லை. துணி உணங்கல்லை. மரச்சீனிக் கிழங்கு அவிச்சேன், பாதி மிச்சம்.

அலமாரித் தட்டில் கறையான். என்னைக் கெட்டினவிய புத்தகத்தை எல்லாம் எடுத்துக் கட்டில்ல பரத்தினேன். ஏழு. எல்லாம் இங்கிலீஷ். அட்டையில வெள்ளைக்காரப் பட்டாளக்காரன், நெஞ்சில குருசு, சிலுவை மாதிரி ஒரு பதக்கம். திருவனந்தபுரத்தில ரோட்டோரம் அவிய வாங்கினது. பட்டாளத்தில சேரப் போய், நெஞ்சளவு போதாதுன்னு திருப்பி விட்ட ஆள். பின்ன சாவுற வரைக்கும் கிணறு வெட்டு. ஞாயிறானா டிக்சனரியை மடியில வெச்சு ஒரு பக்கம், அரைப் பக்கம் வாசிப்பாவ.

"அதுல என்ன இருக்கு?"ன்னு கேட்டா, "உனக்குப் புரியாது தங்கம்."

நான் அஞ்சாம் கிளாஸ், தமிழ். மலையாளத்தில பஸ் போர்டு வாசிப்பேன், அவ்வளவுதான். புரியுமோ புரியாதோ, அதுல என்ன உண்டுன்னு அறியணும்.

மிதுனம் 10
மழை விட்டுது. கால்வாய் ஓரம் புல்லு செத்துற வேலை. காலில அட்டை ரெண்டு. புதருக்கு அந்தப் பக்கம் ரெண்டு பெண்டுகள். நான் நிக்கியது தெரியாது.

"ஒரு ஆட்டுக்கு வேண்டிச் செத்தான், பாவம்."

"ஆட்டுக்கு இல்லடி. கிணத்தில விழுந்த ஆட்டை எடுக்க இறங்கினது சசி. அவன் மயங்கி விழுந்தான். அவனைத் தூக்கத் தங்கத்துக்க மணியன் இறங்கினான். சசி பிழைச்சான், இவன் போனான்."

"விளக்கு இறக்கிப் பாக்காம எவனாவது இறங்குவானா? கிணறு வெட்டுறவனுக்கு இந்த விவரம் கூடவா இல்ல?"

ரெண்டு மாசம் முன்னே, மேட மாசத்தில நடந்தது. அண்ணைக்கிலிருந்து இதே பேச்சு. பழங்கிணத்தில இறங்கும் முன்னே விளக்கைக் கொளுத்திக் கயித்தில கட்டி விடுவாவ. கெட்டா உள்ள நல்ல காத்து இல்லை. பிள்ளையளுக்கும் தெரிஞ்ச காரியம். எனக்கும் அதே சந்தேகம்தான். விவரம் இல்லாமலா போனாவ?

மிதுனம் 11
வேலை முடிஞ்சு ஸ்டெல்லாக்கா வீட்டுக்குப் போனேன், புத்தகத்தைப் பையில போட்டு. பொழியூர்க் கடல்புறத்துக்காரி, இங்க கெட்டி வந்தது. வெளிநாட்டில நர்சு வேலை பாத்து ஓய்வு. இங்கிலீஷ் நல்லா வரும்.

"உனக்கு எதுக்கு மக்கா வெள்ளைக்காரனுக்க சண்டை?"

"அவியளுக்கு எதுக்கு இருந்துதுன்னு அறியத்தான்."

கண்ணாடியைத் துடைச்சிட்டு வாசிச்சுச் சொன்னா. ஒருத்தன் குண்டுக்கு இடையில ஓடி ஓடி அடிபட்டவனைத் தூக்கிட்டு வாறான். ஒருத்தன் கையெறிகுண்டு மேலயே கவுந்து படுக்கான், கூட்டுக்காரன் பிழைக்கட்டும்னு. ஒருத்தன் கையில துப்பாக்கியே இல்லை, அடிபட்டவனைக் கட்டில்ல வெச்சுச் சுமக்கிற ஆள். ஒரு படத்தில தலைப்பாகை கட்டின நம்ம ஊருக்காரன். அவனுக்கும் அதே குருசு.

"எங்களுக்குக் கழுத்தில, இவனுவளுக்கு நெஞ்சில"ன்னு ஸ்டெல்லாக்கா சிரிச்சா. பின்ன சொன்னா, "எல்லாத்திலயும் ஒரே வரி உண்டு கேட்டியா. 'தன் உயிரைக் கொஞ்சமும் நோக்காம.' அச்சு செஞ்சு வெச்சிருப்பானுவ போல."

"பெண்டாட்டி எங்க?"

தேடினா. ஆறு புத்தகத்தில இல்லவே இல்லை. ஒண்ணில, கடைசியில. பதக்கத்தை ராஜா விதவை கையில குடுத்தாராம்.

"பின்ன?"

"பின்ன ஒண்ணும் இல்ல. புத்தகம் முடிஞ்சு."

என்ன உடுத்திட்டுப் போனா? கை நீட்டினப்ப ஏதாவது வல்லதும் சொன்னாளா? கோபம் வந்துதா? யாரு மேல? ஒண்ணும் எழுதல்லை.

மிதுனம் 12
கரண்ட் இல்லை. அரிசி ஆட்டல்லை. தெக்குப் பக்கம் அவியளை எரிச்ச இடத்தில நட்ட தென்னம்பிள்ளைக்கு ஒரு ஓலை விரிஞ்சிருக்கு.

திரும்பவும் ஸ்டெல்லாக்கா. இண்ணைக்கு ஒரு கேள்வி மட்டும். இவன் வீரன், இவன் விவரம் கெட்ட மண்டன்னு யாரு தீர்மானிக்கியது?

"கண்டவன் சாட்சி சொல்லணும் மக்கா. கூட நிண்ணவன் எழுதிக் குடுத்தாத்தான் மேல போவும்."

"யாரும் காணல்லேன்னா?"

"ஒண்ணும் கிடையாது. செத்தது மட்டும் மிச்சம்."

வர்ற வழியெல்லாம் அதே நினைப்பு. அண்ணைக்குக் கிணத்துக் கரையில ஒருத்தி நிண்ணா. லதா, சசிக்க பெண்டாட்டி. சசிக்கு மயக்கம், அவனுக்கு ஒண்ணும் தெரியாது. ரோட்டில போன ஆளுவ ஓடி வந்தது அவிய இறங்கின பிறகு. பதினாறாம் நாள் காரியம் கழிஞ்சு லதா எனக்க வாசல் மிதிக்கல்லை. நானும் போகல்லை. ஒருத்தரும் அவகிட்ட கேட்டதும் இல்லை.

மிதுனம் 13
சாளை மீன் நல்ல ருசி. ஒருத்திக்கு வாங்கினா பூனைக்குத்தான் லாபம்.

வாசகசாலை செக்ரட்டரி வந்தார், கூட ஒரு கமிட்டிக்காரர். சுவரில அவிய பேருக்கு ஒரு கல்லு பதிக்கப் போறாவளாம்.

"எந்து எழுதணும் சேச்சி? சசியைக் காப்பாத்தினப்ப உயிர் விட்டார், அவ்வளவு மதியா?"

கமிட்டிக்காரர் அவர் காதில, "விளக்குக் காரியம் ஒண்ணும் எழுதண்டாம், நாணக்கேடு."

எனக்குக் காது நல்லாக் கேக்கும். ரெண்டு நாள் பொறுக்கச் சொன்னேன்.

மிதுனம் 14
போனேன். லதா அடுக்களைப் புறத்தில மீன் கழுவிட்டிருந்தா. கண்டதும் எழும்பினா.

"அக்கா, சண்டைக்கா?"

"இல்ல. சாட்சி கேக்க."

சாயை போட்டா. சீனி இல்லை. நான் சொல்லாமக் குடிச்சேன்.

"விளக்கு இறக்கினாவளா?"

கையை நைட்டியில துடைச்சா, துடைச்சா, துடைச்சிட்டே இருந்தா.

"இறக்கினாரு அக்கா. நான்தான் விளக்கு எடுத்துக் குடுத்தேன். பாதியிலயே கெட்டுது. மேல எடுத்து மறுபடியும் கொளுத்தி விட்டாரு. பின்னயும் கெட்டுது. மாங்கொம்பு ஒடிச்சுக் கயித்தில கட்டி ஆட்டினாரு, காத்து இறங்கட்டும்னு. ஃபயர்ஃபோர்ஸ் வரட்டும் அண்ணான்னு சொன்னேன். அதுவரைக்கும் சசி கிடக்க மாட்டான்னாரு. கயிறு ஒண்ணுதான் உண்டு. அதை அவருக்க இடுப்பில கட்டல்ல. இறங்கிப் போய், கீழ கிடந்த இவியளுக்குக் கட்டினாரு."

"இதை ஏன் யாருகிட்டயும் சொல்லல்ல?"

"சொன்னா, விளக்கு கெட்ட பிறகும் ஏன் விட்டேன்னு கேப்பாவ. நான் ஒரு தடவதான் அக்கா வேண்டாம்னேன். ரெண்டாவது சொல்லல்ல."

அவ அழுதா. நான் யோசிச்சேன். கீழ கிடக்கியது எனக்க ஆளா இருந்தா? ஒரு தடவ கூடச் சொல்லியிருக்க மாட்டேன். அதை அவகிட்டச் சொன்னேன். கூடுதல் அழுதா.

"என்னைப் பத்தி வல்லதும் சொன்னாவளா?"

"இல்ல அக்கா."

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லல்லை. கொள்ளாம் அவ, நல்லவ.

மிதுனம் 15, ஞாயிறு
வானம் மூடாப்பு. சோறு வடிச்சு வெச்சிட்டு இறங்கினா, வாசலில லதா. விளிக்காமலே வந்தா. பின்னால சசி, தலை நிமிராம. மூணு பேரும் வாசகசாலைக்கு நடந்தோம். சாயக்கடையில பேச்சு நிண்ணுது.

செக்ரட்டரிகிட்ட லதா எல்லாம் சொன்னா. விளக்கு, மாங்கொம்பு, கயிறு, ஒரு தடவ சொன்ன வேண்டாம். ஒண்ணும் விடல்லை. கமிட்டிக்காரர் ஜன்னல் வழியா வெளிய பாத்தார்.

"அப்போ எந்து எழுதணும் சேச்சி?"

"விளக்கு கெட்டதைக் கண்டும் இறங்கினார்னு எழுதுங்க."

"தீரன்னு ஒரு வாக்கு சேக்கண்டாமா?"

"வேண்டாம். வாசிக்கியவங்க சேத்துக்கிடட்டும்."

வீட்டுக்கு வந்து சோறு தின்னேன். பின்ன அவிய படத்துக்கு முன்னால போய் நிண்ணேன். விவரம் இல்லாம செத்த ஆளை ஏச மனசு வருமா? இத்தன நாளும் பாவம் பாவம்னே இருந்தேன். அறிஞ்சு இறங்கின ஆளை ஏசலாம். ஏசினேன். ரெண்டு தடவ கெட்டுதே, வீட்டில ஒருத்தி இருக்காளேன்னு ஒரு தடவ தோணல்லியா ஓய்? எவனுக்கோ கயிறு கட்டத் தெரிஞ்ச கைக்கு எனக்க நினைப்பு வரல்லியா? அந்த ஏழு புத்தகத்து வெள்ளைக்காரனுவளையும் சேத்துத்தான். எல்லாவனுக்க பெண்டாட்டிக்கும் வேண்டி.

வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ, "தங்கம், யாரோட சண்டை?"

"எனக்க மாப்பிளையோட"ன்னேன்.

தொண்டை கட்டிப் போச்சு. ஏச்சு இன்னும் தீரல்லை.