வாசல் நம்முடையதுதான்

அக்கா,

இன்று காலை அலுவலக இணையதளத்தில் நுழைந்தபோது திரையில் ஒரு வரி வந்தது: 'நீங்கள் வேறொரு தளத்துக்குச் செல்கிறீர்கள். தொடரலாமா?' எல்லோரும் எரிச்சலோடு தாண்டிப் போகும் வரி. எனக்கு உங்கள் முகம் வந்து நின்றது.

நெய்வேலியில் மைன்ஸ் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் அந்தத் தனியார் கம்பெனியில் நான் அப்போது கான்ட்ராக்ட் டைப்பிஸ்ட். நீங்கள் கம்ப்யூட்டர் பிரிவில் இன்ஜினியர். ஷிப்ட் மாறியதாக ஒரு மெயில் வந்தது. அதிலிருந்த லிங்க்கைத் தட்டி பாஸ்வேர்ட் கொடுத்தேன். 'தவறு, மீண்டும் கொடுக்கவும்' என்றது, கொடுத்தேன். சற்று நேரத்தில் என் பெயரில் கண்ட கண்ட மெயில்கள் பறந்தன. பதறிப்போய் நானே மேனேஜரிடம் சொன்னேன்.

"கான்ட்ராக்ட் ஆளுங்கள உள்ள வுட்டா இப்படித்தான். கேட் பாஸைக் குடுத்துட்டுக் கெளம்பு" என்றார்.

குறிஞ்சிப்பாடியில் என் வீட்டில் அப்போது சம்பளம் வாங்கியவள் நான் ஒருத்திதான்.

நீங்கள் வந்து கேட்டீர்கள். "நம்ம கம்பெனி பேரு இருக்குதான்னு பாத்துக்கினுதாங்க மேடம் தட்டுனேன்" என்று அழுதேன். அந்த முகவரியை முழுக்கப் படித்தீர்கள்.

"வாசல் நம்முளுதுதாம்மா. ஆனா லிங்க்கோட கடைசில எவனோ வேற எடத்து அட்ரஸ ஒட்டியிருக்கான். உள்ள வந்தவங்கள எங்க அனுப்பறோம்னு பாக்காம நம்ம பேஜே அங்க தள்ளி வுட்டிருக்கு. நம்முளுது மாதிரியே அவன் செஞ்சு வச்ச பேஜ் அது. அங்கதான் நீ ரெண்டாவது தடவ பாஸ்வேர்ட் போட்டது."

மேனேஜர் நம்பவில்லை. அதே மாதிரி ஒரு லிங்க்கை நீங்களே செய்து அவரிடம் நீட்டினீர்கள். கம்பெனி பெயரைப் பார்த்தார், தலையாட்டினார், பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே போனார். மறுபடி பாஸ்வேர்ட் கேட்டதும் அவர் விரல்கள் தட்டத் தொடங்கின.

"போதும் சார். இப்ப மேல அட்ரஸைப் பாருங்க."

அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். என் கேட் பாஸ் மேஜையிலேயே இருந்தது. நீங்கள்தான் எடுத்து என் கையில் கொடுத்தீர்கள். அந்த வாரமே ஓட்டையை அடைத்தீர்கள்; வெளியே அனுப்பும் முன் கேட்கும் அந்த வரியும் அப்போது நீங்கள் போட்டதுதான்.

வடலூர் பஸ்ஸுக்கு நின்றபோது, "நீ மறைக்காம சொன்னதாலதான் தெரிஞ்சுது" என்றீர்கள். அன்றிலிருந்துதான் உங்களை அக்கா என்று கூப்பிட்டேன்.

உடம்பு முடியாமல் நீங்கள் படுத்திருந்த சென்னை ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேர்வதற்குள் போய்விட்டீர்கள்.

இப்போது உங்கள் பிரிவில்தான் வேலை செய்கிறேன். போன வாரம் ரிட்டயர் ஆகப்போகும் பெரியவர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, "எதையோ தட்டிட்டேம்மா, என்ன ஆவும்னு தெரியல" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டேன். "வந்து சொன்னீங்களே, நல்லதுங்க. உக்காருங்க, சேந்து பாப்போம்" என்றேன்.

அவர் உட்கார்ந்தார், அக்கா. எதைத் தட்டினார் என்று முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.