திரை இல்லாத கணினி

இன்று காலை உன் பழைய கணினியைத் திறந்தேன். சூடேறிய தூசியின் வாசனை. தியாகதுருகம் சாலையில் இருந்த உன் ஸ்டூடியோவின் வாசனை. உள்ளே ஹார்ட் டிஸ்க் கிர்க் கிர்க்கென்று முனகியது. நீ இருந்தால், "சாகப் போவுது, மாத்திடுய்யா" என்று சொல்லி முடித்திருப்பாய்.

பத்திரிகைக்கு நான் எழுத, நீ படமெடுக்க, ஒரே பைக்கில் கல்வராயன் மலைக்குப் போய்வந்தோம். படங்கள் பென் டிரைவுகளில் சிதறிக் கிடந்தன. சின்னசேலத்தில் யாரோ கழித்த கணினியைத் தூக்கி வந்து அதில் லினக்ஸ் போட்டாய். நிறுவும்போது ஐகான், மெனு என்று வந்த எல்லாவற்றையும் வேண்டாமென்று ஒதுக்கினாய். கோப்புகளைப் பகிரவும், வேறு கணினியிலிருந்து உள்ளே நுழையவும் வேண்டியதை மட்டும் விட்டுவைத்தாய்.

"இன்னாய்யா, வெறும் கறுப்பா கீது?" என்றேன் திரையைப் பார்த்து.

"இது குடோன்யா. குடோனுக்கு எதுக்கு ஷோகேஸ்?"

பிறகு மானிட்டரையும் கழற்றிவிட்டாய். என் லேப்டாப்பில் எல்லாப் படங்களையும் பார்க்கலாம். ஒன்றையும் அழிக்க முடியாது; அதற்கான பாஸ்வேர்ட் உன்னிடம் மட்டும். எனக்குக் கோபம் வந்தது.

"ஒன்ன நம்பாம இல்லய்யா. பேரு போட்டு எழுதுறவன் நீ. மெரட்டுறவன் ஒன்கிட்டதான் வருவான்."

வந்தான். மலையில் சாமை விதைக்கும் அந்த அம்மாவின் நிலம் என்றைக்குமே தரிசுதான் என்று சொல்லி, அதைத் தனதாக்கிக்கொள்ள ஒருவர் வழக்குப் போட்டிருந்தார். வருஷா வருஷம் நீ எடுத்த படங்களில் அங்கே கதிர் நின்றது. அவருடைய ஆள் ஸ்டூடியோவுக்கே வந்து, அவற்றை அழிக்கச் சொன்னான். என்னால் முடியாது என்றேன். நம்பவில்லை. லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினேன். அவனே அழுத்திப் பார்த்தான். அனுமதி இல்லை என்று வந்தது.

"டுபாக்கூர் மிஷினா வாங்கி வச்சிக்கினு கீறீங்களே சார்" என்றவன், டீ டம்ளரைப் படங்கள் இருந்த அந்தக் கணினிப் பெட்டியின் தலையிலேயே வைத்துவிட்டுப் போனான். அவன் படியிறங்கும்வரை உள்ளறையில் நீ சிரிப்பை அடக்கப் பட்ட பாடு!

மருத்துவமனையில் படுத்துக்கொண்டு பாஸ்வேர்டை என்னிடம் சொன்னாய். சொல்லிவிட்டாய் என்பது அவனுக்கும் எப்படியோ தெரிந்திருக்கிறது. நீ போன சேதி கேட்டு நேற்று போன் செய்தான்.

"அவருதான் பூட்டாரே சார். இப்ப எல்லாம் உங்க கையிலதான? நாளைக்கு சாயங்காலம் வரேன்."

வழக்கு இன்னும் முடியவில்லை. அந்த அம்மாவும் கேட்டார்: "படமெல்லாம் பத்திரமா இருக்குதுங்களா?"

புது டிஸ்க் வாங்கினேன். பழக்கதோஷத்தில் லினக்ஸை ஐகான்களோடு நிறுவிவிட்டு, உன்னையும் என்னையும் திட்டிக்கொண்டு, அழித்து மறுபடி போட்டேன். படங்களை நகலெடுத்தேன். சாமைக் காட்டுப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்தேன். எல்லாம் இருக்கின்றன.

மாலையில் வருகிறான். அன்று, முடியாது என்று சொல்லித் தப்பித்தேன். அதற்கு நீ வழி செய்து வைத்திருந்தாய். இன்று என்னால் முடியும். அதை மறைக்கப் போவதில்லை. பாஸ்வேர்ட் என்னிடம்தான் இருக்கிறது, அழிக்க மாட்டேன் என்று அவன் முகத்தைப் பார்த்தே சொல்லப் போகிறேன்.