எறும்புக்கு எட்டுக் கால்

மார்ச் 4
குழாய் சரிசெய்ய வந்தவர், சார் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். இவர் போய் நாலு மாதம் ஆயிற்று என்று சொல்லியிருக்கலாம். அலுப்பாக இருந்தது.

மார்ச் 9
பழைய படங்களைச் சேகரிக்கும் காப்பகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். கல்வித் துறைக் கிடங்கில் தகரப் பெட்டி ஒன்று கிடைத்ததாம். உள்ளே, பிள்ளைகள் எண்ணப் பழக இவர் வரைந்த எறும்புப் படச்சுருள். பதினோரு நிமிடம்.

அதை ஏன் இப்போது கிளறுகிறார்கள்? படத்தில் வரும் குரல் கால்களை ஆறு வரை எண்ணும். திரையில் நிற்கும் எறும்புக்கு எட்டுக் கால். எந்தப் பள்ளிக்கும் போகாமல் படம் முடங்கியது. இவர் வேலை போயிற்று. அப்புறம் முப்பது வருஷம் கடைப் பலகை எழுதினார்.

நான் மட்டும் விட்டேனா? பஸ்ஸைத் தவறவிட்டாலும் "எட்டுக்காலு", குடையை மறந்தாலும் "எட்டுக்காலு". மகள் கல்யாணத்தில் சம்பந்தி முன்னாலும் சொன்னேன். இவர் சிரித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

மார்ச் 10
ஒன்றுமில்லை. துணி துவைத்தேன்.

மார்ச் 15
மகள்தான் காப்பகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். சின்னத் திரையில் படத்தை ஓட்டினார்கள். யார் வீட்டு எறும்போ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தப் பெண், பெட்டியில் இருந்த தாள்களை மேசையில் பரப்பினாள். "பாருங்கம்மா, சார் பென்சில்ல போட்டதுல எல்லாம் ஆறு கால்தான். மை போட்ட கண்ணாடித் தாள்லதான் எட்டு."

மை போட்டது நான்.

மார்ச் 16
எழுதிவிடுகிறேன். கெடு நெருங்கியதால் வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். துறையில் அதற்கு அனுமதி கிடையாது. அடியில் பல்பு எரியும் கண்ணாடி மேசையில் பென்சில் படத்தை வைத்து, மேலே கண்ணாடித் தாளைப் போட்டு, தெரியும் கோடுகள் மேல் மை இழுக்க வேண்டும். நான் அவசரக் குடுக்கை. இரண்டு பென்சில் தாள் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அடியில் இருந்த எறும்பு இரண்டு காலைத் தூக்கியிருந்தது. அதையும் சேர்த்து இழுத்துவிட்டேன்.

விசாரணையில் "என் கைத்தவறு" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நகல் பெட்டியில் இருக்கிறது. அவங்ககிட்ட மறைச்சது சரி. என்கிட்ட ஏன்?

மார்ச் 20
அந்தப் பெண் மறுபடி பேசினாள். அடுத்த வாரம் பிள்ளைகளுக்குத் திரையிடல். மை போட்டவர் யார் என்று தெரியாவிட்டால் "பெயர் தெரியாத உதவியாளர்" என்று போடட்டுமா என்றாள். போடுங்கள் என்றேன்.

"விடும்மா, யாருக்குத் தெரியப்போகுது" என்கிறாள் மகள்.

மார்ச் 22
தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை என்றெல்லாம் கிடையாது. தூங்கினேன், சாப்பிட்டேன். அதுதான் பொறுக்கவில்லை. காலையில் நானே போன் செய்து சொன்னேன்.

மார்ச் 28
அரங்கு முழுக்கப் பிள்ளைகள். குரல் ஆறோடு நின்றது. இவர்கள் விடாமல் ஏழு, எட்டு என்று கத்திச் சிரித்தார்கள். முடிந்ததும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். அந்தக் கால்களைப் போட்டது நான்தான் என்றேன்.

முன்வரிசையில் ஒரு சிறுமி கை தூக்கினாள். "உங்களை யாராவது திட்டினாங்களா?"

"என்னை இல்லம்மா. என் வீட்டுக்காரரை."

"யாரு திட்டினா?"

"நான்தான்."

மகள் வந்து கையைப் பிடித்து இறக்கினாள். ஆட்டோவில் வீடு வரை அழுதேன், இவர் போன பிறகு முதல் தடவையாக.

ஒரு தடவையாவது திருப்பித் திட்டியிருக்கக் கூடாதாங்க?