உன் அப்பா அனுமதித்த ஒருநாள் லீவு

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், என் வலது கண் மட்டும் கட்டுக்குள்ளே சொகுசாகத் தூங்குகிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன், நம்பாமல் என்ன செய்ய. வரிகள் கோணலாகப் போனால் திட்டாதே, ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன். ஆமாம், ஆபரேஷன் முடிந்துவிட்டது! இரண்டு தடவை தேதி வாங்கித் தள்ளிப்போட்டதற்கு நீ போனில் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மூன்றாவது தடவையும் தள்ளினால் அந்தக் கண் அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் நான் செருப்பை மாட்டினாலே உன் அப்பா வாசலை மறித்து நின்றுகொண்டால் எப்படிப் போவது?

மறதி கிளினிக்கிலிருந்து உன் அப்பாவைப் பார்க்க வாரம் ஒருநாள் வரும் நர்ஸ்தான் வழி சொன்னாள். அவர் எந்த உலகத்துல இருக்காரோ நீங்களும் அங்க போயிடுங்கம்மா, அவரை இங்க இழுக்காதீங்க என்றாள். அவர் உலகம்தான் உனக்குத் தெரியுமே. ஹெட்கிளார்க் வேலையை விட்டுப் பதினான்கு வருடம் ஆகியும் சாப்பாட்டு மேஜைதான் இப்போது ஆபீஸ், நான் அங்கே அவருக்குக் கீழே வேலை செய்யும் குமாஸ்தா. சரி, குமாஸ்தா லீவு லெட்டர் கொடுக்க வேண்டியதுதானே என்று, கண் ஆபரேஷனுக்கு ஒருநாள் விடுப்பு வேண்டும் என எழுதி நீட்டினேன். சிவப்புப் பேனாவை எடுத்தார், தேதி இல்லை என்று திருப்பிவிட்டார். தேதி போட்டுக் கொடுத்தேன். உன் மாமா இதோட மூணு தடவை செத்துட்டாரு, இப்ப கண்ணா, இந்தக் கதையெல்லாம் என்கிட்ட வேணாம் என்று மறுபடியும் திருப்பினார். எந்தக் காலத்தில் எந்தக் குமாஸ்தா மாமாவைச் சாகடித்து லீவு வாங்கினானோ, என் தலையில் விடிந்தது. மறுநாள் காலை ஆபரேஷன், எனக்கு வந்ததே கோபம்! மூன்றாவது தாளில் கண்ணைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஐயா, எனக்கு ரொம்பக் களைப்பாக இருக்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தார். கடைசியா எப்ப லீவு எடுத்தே என்று கேட்டார். என் குசும்பு சும்மா இருக்குமா, கல்யாணம் ஆன கணக்கைப் போட்டு, நாப்பத்தோரு வருஷமா எடுக்கலைங்க ஐயா என்றேன். ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் நான் கிளம்பியபோது அவரே கதவைத் திறந்துவிட்டார்.

அன்று முழுக்க நர்ஸ்தான் கூட இருந்தாள். அவளைப் புது டைப்பிஸ்ட் என்று நினைத்துப் பதினோரு கடிதம் சொல்லச் சொல்ல எழுத வைத்திருக்கிறார், பாவம், சாயங்காலம் விரலை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் போல வீட்டில் ஆளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் புதன்கிழமைதோறும் கிளினிக்கில் கூடுகிறார்களாம், வந்து வாய்விட்டுப் புலம்பிவிட்டுப் போங்கம்மா என்கிறாள். புலம்ப எனக்குச் சொல்லித்தர வேண்டுமா, போகத்தான் போகிறேன். நீயும் ஒன்று செய். போனில் நான் யாருன்னு சொல்லுங்கப்பா பாக்கலாம் என்று அவருக்குப் பரீட்சை வைக்காதே. விடை தெரியாமல் அவர் கூனிக்குறுகுவதை நீ பார்ப்பதில்லை, நான் பார்க்கிறேன். நான்தான்ப்பா உங்க பொண்ணு என்று நீயே சொல்லிவிட்டுப் பேச்சை ஆரம்பி. பெயர் பிடிபடாவிட்டாலும் உன் குரல் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிறார், அது போதாதா.

இருவரும் நோய்நொடி இல்லாமல், சண்டை போட்டாலும் சாயங்காலத்துக்குள் சேர்ந்துகொண்டு, நன்றாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய மறக்காதே, இந்த வீட்டில் மறக்க ஒருவர் போதும். கையெழுத்து விழுந்த சந்தோஷத்தில் அந்த லீவு லெட்டரில் அவர் என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை. திரும்பி வந்தபிறகு நர்ஸ்தான் படித்துக் காட்டினாள். விடுப்பு அனுமதிக்கப்படுகிறது, இந்த ஊழியர் நாற்பத்தோரு வருடம் ஓய்வே எடுக்கவில்லை, இத்தனை காலம் இவருடைய மேலதிகாரி என்ன செய்துகொண்டிருந்தார், உடனே விளக்கம் கேட்கவும் என்று எழுதியிருக்கிறார். கட்டுப்போட்ட கண்ணோடு அழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், கேட்கவில்லை. விளக்கம் கேட்கத்தான் எனக்கு மனசு வரவில்லை.

லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிவிட்ட,
உன் அம்மா