மழையில்லாத நாளில் தொங்கிய குடை குறித்து

பாப்பா, நீயே துணை.

அனுப்புநர்:
சலவை ஆலை இஸ்திரி அறையில் வேலை செய்பவள்,
அதே அறையில் இறந்துபோன பாப்பாவின் அக்கா,
ஆலைக் குடியிருப்பு, கடைசி வரிசை.

பெறுநர்:
தலைமை ஆய்வாளர் அவர்கள்,
தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலகம்.

பொருள்: இஸ்திரி அறைப் பக்கக்கதவு நன்றாக இருந்தது, இறந்தவளின் அஜாக்கிரதையே காரணம் என்று முடித்த விசாரணையை மறுபடி எடுக்கவும், ஆலையில் மேனேஜராக உட்காருகிறவர்களின் மனநலத்தைக் கவனிக்கவும் வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மனு எழுதித் தருகிறவரிடம்தான் முதலில் போனேன். அவர், "கதவு, தாழ்ப்பாள்னு மட்டும் சொல்லும்மா, மேனேஜர் மனசெல்லாம் மனுவுல வராது" என்றார். மனுவில் வராவிட்டால் வேறு எங்கே வரும் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்து, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்புவது எங்கள் ஆலை. நான் மடிப்பில் இருந்தேன். என் தங்கை இஸ்திரி அறையில் உருளை மெஷினுக்கு ஈர விரிப்பைக் கொடுப்பவள். வீட்டில் அவள் பாப்பா, ஆலையிலும் பாப்பா. வயசுக்கு வந்த மகளுக்குத் தாயான பிறகும் பாப்பாதான். அந்த அறைக்கு இரண்டு வாசல். ஒன்று தள்ளுவண்டி வந்துபோகும் பெரிய வாசல். இன்னொன்று ஆபத்துக்கு என்று வைத்த பக்கக்கதவு. அதன் கீல் தளர்ந்து, கதவு இறங்கி, தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி, இடுப்பால் ஒரு இடி இடித்தால் திறக்கும். எல்லோரும் அதற்குப் பழகிக்கொண்டோம். புதிதாக வருகிறவளுக்கும், "இது மாமியார் கதவுடி, கொஞ்சம் தூக்கி வச்சாத்தான் வழி விடும்" என்று சொல்லிக்கொடுத்தோம். சரிசெய்து தரச் சொல்லி மேனேஜரிடம் மட்டும் யாரும் போகவில்லை.

2. ஏன் போகவில்லை என்று உங்கள் அதிகாரி கேட்டார். இப்போது சொல்கிறேன். எங்கள் வாட்ச்மேனுக்கு மீசை என்று பட்டப்பெயர். காலையில் மேனேஜர் காரை விட்டு இறங்கும்போது அவர் முகத்தைப் பார்ப்பவர் மீசைதான். முகம் சரியில்லை என்றால் ஆலை கேட்டின் கொக்கியில் தன் கறுப்புக் குடையை மாட்டிவிடுவார். குடை தொங்கினால் அன்றைக்கு மேனேஜர் அறைப்பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று அர்த்தம். மெஷின் சத்தம் மாறினாலும், பைப் ஒழுகினாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்பதானாலும் குடை இறங்கிய பிறகுதான். முதலில் எப்போதாவது தொங்கியது. அப்புறம் கோடை முழுக்கத் தொங்கியது. வெளியாள் ஒருவர் இந்த வெயிலில் குடை எதற்கு என்று கேட்டதற்கு மீசை, "வரும்னு சொன்னாங்க சார்" என்றார். நாங்கள் மூட்டைக்குப் பின்னால் போய்ச் சிரித்தோம்.

3. மேனேஜர் கெட்டவர் என்று எழுதினால் இந்த மனு சுலபமாக முடிந்துவிடும். அவர் எங்கள் பாய்லர் மெக்கானிக்காக இருந்து மேலே போனவர். போன புதிதில் பையில் திருப்புளியோடுதான் அறை அறையாக வருவார். அந்தக் காலமாக இருந்தால் கதவைப் பார்த்த நிமிஷமே கீலை முடுக்கியிருப்பார். பிறகு தலைமை அலுவலகம் அவருடைய துணை ஆளை எடுத்துவிட்டது. புது ஆஸ்பத்திரிகளைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். போன் அவர் காதை விட்டு இறங்கவில்லை. வீட்டுக்குப் போவது குறைந்தது, சட்டை கசங்கியே இருந்தது. ஒருநாள் ஈர விரிப்பைச் சுருட்டி ஒரு பெண்ணின் முகத்தில் எறிந்தார். மறுநாள் அவளிடமே வந்து அழுதார். அவர் திட்டியதைவிட அழுததுதான் எங்களை அதிகம் பயமுறுத்தியது. அவரைப் பார்த்து சூப்பர்வைசர்களும் கத்தப் பழகினார்கள். நாங்கள் ஒருத்தியை ஒருத்தி காட்டிக்கொடுக்கப் பழகினோம். வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் அதே குரலில் பேசினோம். உடம்பு முடியாத ஆளை அந்த நாற்காலியில் கட்டிப்போட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். எங்கள் ஆலையில் தலைக்கு வந்தது என் தங்கையோடு போயிற்று.

4. பாப்பா இறந்த அன்றைக்குக் காலையில் கதவு இடித்தும் திறக்கவில்லை. இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. குடை தொங்கிக்கொண்டிருந்தது. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று நாங்கள் முகத்தை முகம் பார்த்தபோது பாப்பா, "நான் போறேன். மனுஷந்தானே, கடிச்சா தின்னுடுவாரு?" என்று கையைத் துடைத்துக்கொண்டு போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். என்னடி சொன்னார் என்று கேட்டேன். "நான் ஒண்ணும் சொல்லலக்கா. இன்னிக்கு வேணாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்" என்றாள். தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு மறுபடி மேனேஜர் அறைக்குள் போனாள். வெறுங்கையோடு வந்து மெஷினில் நின்றாள். சாப்பாட்டுக்குப் பிறகு பெரிய வாசல் பக்கம் ஸ்டீம் பைப் வெடித்தது. வாசலை ஒட்டி நின்றவர்கள் வெளியே ஓடிவிட்டார்கள். அறையின் கடைசியில் நின்ற பாப்பாவுக்குப் பக்கக்கதவுதான் வழி. கண் தெரியாத ஆவியில், ஈரக்கையோடு, இரண்டு பேர் தூக்கும் கதவை ஒருத்தி தூக்கப் பார்த்திருக்கிறாள். அந்தப் பக்கம் முற்றத்திலிருந்து நாங்கள் இழுத்தோம். உள்ளேயிருந்து இடிக்கும் சத்தம் கேட்டது. அதற்குமேல் எழுத வரவில்லை ஐயா.

5. விசாரணைக்கு வந்த அதிகாரி கதவைத் திறந்து காட்டச் சொன்னார். சூப்பர்வைசர் தூக்கினார், மெக்கானிக் இடித்தார், திறந்தது. எங்களில் இருவரைத் திறக்கச் சொன்னார். பழகிய இடுப்பு தானாக இடித்தது, மறுபடியும் திறந்தது. எல்லோருக்கும் திறக்கிற கதவு இறந்தவளுக்குத் திறக்கவில்லை என்றால் அவள் பதற்றமும் அஜாக்கிரதையும்தான் காரணம் என்று முடித்துவிட்டார். கோணல் கதவோடு நாங்கள் ஒத்துப்போனதே அவளுக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது. கதவு நன்றாக இருக்கிறது என்று தாங்களே சொல்லிவிட்டதால் இன்றுவரை அதைச் சரிசெய்யவில்லை.

6. பாப்பாவின் இடத்தில் இப்போது என்னை நிறுத்தியிருக்கிறார்கள். மறுக்கலாமே என்று கேட்பீர்கள். குடியிருப்பு ஆலையுடையது. பாப்பாவின் மகள் என்னோடு இருக்கிறாள். வேலையை விட்டால் அன்றைக்கே வீட்டையும் விட வேண்டும். ஆகவே காலையில் அந்தக் கதவுக்கு முதுகைக் காட்டி நிற்கிறேன். பழைய மேனேஜரை வேறு ஊர் ஆலைக்கு, அதே வேலைக்கு மாற்றிவிட்டார்கள். வைத்தியம் எதுவும் பார்த்ததாகத் தெரியவில்லை. பாப்பாவை எடுத்தபோது அவர் தெருவின் எதிர்ப்பக்கம் செருப்பில்லாமல் வெயிலில் நின்றார். சாபம் கொடுக்கத்தான் போனேன். கிட்டே போனதும், "வீட்டுக்குப் போங்க சார்" என்றுதான் வாயில் வந்தது. புதிதாக ஒரு மேனேஜர் அம்மா வந்திருக்கிறார். வந்த வாரம் எல்லோரையும் பெயர் கேட்டுச் சிரித்துப் பேசினார். அவருக்கும் துணை ஆள் கிடையாது. இப்போது போனைக் காதில் இடுக்கிக்கொண்டு நின்றபடியே சாப்பிடுகிறார். போன வியாழக்கிழமை மீசை குடையை மாட்டினார். மாட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகவே ஐயா, தாங்கள் செய்ய வேண்டியது. பாப்பாவின் பெயரிலிருந்து அஜாக்கிரதை என்ற சொல்லை எடுக்க வேண்டும். அந்தக் கதவை, அதை ஒருநாளும் தொட்டறியாத ஒருவரை, ஈரக்கையோடு, யாரும் சொல்லிக்கொடுக்காமல் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். பாய்லருக்கு வருஷா வருஷம் ஆள் வந்து அழுத்தம் பார்த்துவிட்டுப் போகிறார். மேனேஜர் நாற்காலியில் உட்காருகிறவருக்கும் அப்படி ஒரு டாக்டர் வேண்டும். வேலையைப் பகிர ஒரு ஆளும், வீட்டுக்குப் போக லீவும் வேண்டும். பழையவரையும் விட்டுவிடாதீர்கள், அங்கேயும் கதவுகள் இருக்கும். முன்கூட்டித் தகவல் சொல்லிவிட்டு வர வேண்டாம். சொன்னால் குடையை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள். குடை தொங்குகிற நாளாகப் பார்த்து வாருங்கள்.

நாள்: திங்கட்கிழமை, வேலைக்குப் போகும் முன்.
இடம்: ஆலைக் குடியிருப்பு.

தாங்கள் வரும்வரை அதே கதவடியில் நின்று வேலை செய்யும்,
பாப்பாவின் அக்கா
(கையொப்பம்)

ஐயா, மேலே அவளைத் துணைக்குக் கூப்பிட்டு ஆரம்பித்ததால் கீழேயும் அவளுக்கு ஒரு வரி எழுதிக்கொள்கிறேன். தாங்கள் இதைப் பொருட்படுத்த வேண்டாம்.

பாப்பா, கதவைப் பற்றிச் சொல்லத்தானே போனாய், அந்த அறைக்குள் அவரை எந்தக் கோலத்தில் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தாய்?