பீட்ரூட் கறை

அன்புத் தங்கைக்கு,

உன் அக்கா எழுதுவது. எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. பாதி நலம் என்று வைத்துக்கொள். போனில் சொல்லியிருப்பேன். சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் திட்டுவேன், அதற்குள் உன் சாப்பாட்டு இடைவேளை தீர்ந்துவிடும். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து படி.

உன் பொடிசுக்கு எடை ஏறவில்லை, இறங்கியிருக்கிறது. டாக்டரம்மா கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தம் போதவில்லை என்றார். மாதக் கடைசியில் மறுபடி பார்ப்பார். அப்போதும் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்குமாம். நாலு வயசுக் குழந்தைக்குக் குழாயா என்று கேட்டேன். நீங்கள் சாப்பிட வைத்தால் நான் ஏன் போடப்போகிறேன் என்றார். நியாயம்தான்.

நீ வேலைக்குக் கிளம்பிப் போனதிலிருந்து அவள் வெள்ளையாக இருப்பதை மட்டும்தான் தின்கிறாள். வெறும் சோறு, பால், ரொட்டியின் நடுப்பகுதி. காய்கறியைக் கண்டால் வாய்க்குப் பூட்டு. கெஞ்சினேன், மிரட்டினேன், ஒரு நாள் கையைக்கூட ஓங்கிவிட்டேன். மற்றபடி அவளைப் போல சமத்து கிடையாது. மண்ணில் விளையாட மாட்டாள், வண்ணப் பென்சிலைத் தொட மாட்டாள், சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. என் தையல் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் பெருமை அடித்துக்கொண்டேன். மரமண்டை நான்.

பேன்கேக் ஒன்றிரண்டு தின்பாள், அதுவும் வெள்ளையாக இருந்தால். அந்த மாவிலேயே காய்ச்சாறு கலந்து பார்ப்போம் என்று தோன்றியது. பீட்ரூட்டைத் துருவித் துணியில் பிழிந்து, பாலுக்குப் பதில் அந்தச் சாற்றை ஊற்றினேன். மாவு ரோஜா நிறத்தில் அவ்வளவு அழகு. சூடான தவாவில் விட்டதும் செங்கல் நிறமாகிவிட்டது. உன் அத்தான் எட்டிப் பார்த்து, வீடு கட்டப்போகிறாயா என்று கேட்டார். மறுநாள் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, தீயைக் குறைத்து, மூடி போட்டு வேகவைத்தேன். நிறம் நின்றது. கேரட் சாற்றில் ஒன்று, கீரைச் சாற்றில் ஒன்று. மூன்றையும் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன்.

அவள் முகத்தில் பிடிக்காத சாயலே இல்லை. எச்சில்கூட விழுங்கினாள். ஆனால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஆசை இருந்தும் அடம் பிடிக்கிறாளே என்று எனக்கு எரிச்சல். ஒரு துண்டைப் பிய்த்து வாயருகே கொண்டுபோனேன். தட்டிவிட்டாள். பக்கத்தில் மிச்ச பீட்ரூட் சாறு வைத்திருந்த கிண்ணம் கவிழ்ந்து அவள் சட்டையெல்லாம் சிவப்பாகிவிட்டது.

அப்படி ஒரு அலறலை நான் கேட்டதே இல்லை. ஏதோ சுட்டுவிட்டது என்று பதறிப்போய்த் தூக்கினேன். அவளோ எச்சிலைத் தொட்டுத் தொட்டுச் சட்டையைத் தேய்க்கிறாள். அப்போதுதான் சொன்னாள்.

"கறை பட்டுடுச்சு பெரியம்மா. இனிமே அம்மா வர மாட்டாங்க."

புரிகிறதா உனக்கு? கிளம்புகிற அன்று வாசலில் நின்று அவள் சட்டையை நீவிவிட்டு, கறை படாமல் சமத்தாக இருந்தால் அம்மா சீக்கிரம் வந்துவிடுவேன் என்றாயே, அதுதான். சலவைக்கூட வேலைக்குப் போகிறவள் வாயில் வேறு என்ன வரும்? உன்னைக் குற்றம் சொல்லவில்லை. ஒவ்வொரு போனிலும் அவள் சுத்தமா இருக்கேன்மா என்கிறாள், நீ என் தங்கம் என்கிறாய், நான் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டுகிறேன். சோறும் பாலும் கறை வைக்காது, காய்கறி வைக்கும். அவ்வளவுதான் அவள் கணக்கு. பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து குழந்தையைப் பட்டினி போட்டிருக்கிறோம்.

அப்படியெல்லாம் இல்லை என்று எவ்வளவோ சொன்னேன், எடுபடவில்லை. அத்தான்தான் சத்தமில்லாமல் வந்து, கிண்ணத்தின் அடியில் மிச்சமிருந்த சாற்றில் கையை முக்கி, வேலைக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையில் நெஞ்சோடு தடவிக்கொண்டார்.

"பாத்துக்கோ, பெரியப்பா இந்தக் கறையோடதான் போறேன். சாயங்காலம் வர்றேனா இல்லையான்னு நீயே பாரு."

சொல்லிவிட்டு அப்படியே மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

அதன் பிறகு பொடிசு ஜன்னலை விட்டு நகரவில்லை. பால்கூடக் குடிக்கவில்லை. பேன்கேக் தட்டு பக்கத்திலேயே காய்ந்துகொண்டிருந்தது. வழக்கமாக வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடுகிற மனுஷன் அன்றைக்குப் பார்த்து வரவில்லை. தெருவிளக்கு எரிந்துவிட்டது. போன் அடித்தால் அணைத்து வைத்திருப்பதாகச் சொல்கிறது. நான் மெஷினில் உட்கார்ந்து ஒரே தையலைத் தைப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. இன்றைக்கு மட்டும் அவர் வராமல் போனால், இனி இவளுக்கு யாரும் எதையும் சொல்லிப் புரியவைக்க முடியாது.

வந்தார். பஸ் நடுவழியில் நின்றுவிட்டதாம், போனில் சார்ஜ் இல்லையாம், மீதி தூரம் நடந்தே வந்திருக்கிறார். வியர்வையில் கறை வயிறு வரை இறங்கியிருந்தது. புதுக் கண்ணாடி போட்டுப் பார்த்த எல்லோருக்கும் முதலில் தெரிந்தது அவர் சட்டைதானாம், முதலாளி முறைத்தாராம். பொடிசு கிட்டே போய்க் கறையை விரலால் தொட்டுப் பார்த்தாள். விரலை முகர்ந்தாள். பிறகு தானே போய் உட்கார்ந்து, காய்ந்துபோன அந்த ரோஜா நிற பேன்கேக்கில் பாதியைத் தின்றாள். நான் சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஆனால் அதோடு முடியவில்லை. மழை முடிந்ததும் வருவதாகச் சொல்லியிருந்தாய். இப்போது விடுப்பு இல்லை என்று எழுதியிருக்கிறாய். அதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? கறை பட்டது, பேன்கேக் தின்றாள், அம்மா வரவில்லை என்று ஆகிவிடாதா? பிறகு பாலைக்கூடத் தொடமாட்டாள். நேற்றுப் படுக்கும்போது, அம்மா சட்டையில் கறை இருக்கா என்று கேட்டாள். தூங்குகிற மாதிரி கிடந்தேன்.

அதனால் கடிதம் கிடைத்ததும் உன் வெள்ளைச் சீருடையில் நன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு கறை வைத்து, படம் எடுத்து அனுப்பு. மேற்பார்வையாளர் திட்டினால் வாங்கிக்கொள், உன் அத்தான் வாங்கிக்கொள்ளவில்லையா? போனில் அவள் சுத்தமா இருக்கேன் என்றால், இன்றைக்கு என்னவெல்லாம் கொட்டிக்கொண்டாய் என்று கேள். விடுப்பு விஷயத்தையும் நீயேதான் சொல்ல வேண்டும். என் வாயில் வராது.

வேளைக்குச் சாப்பிடு. கைக்கு எண்ணெய் தடவிக்கொள், சோப்புத் தண்ணீர் தோலை உரித்துவிடும்.

அவள் சட்டையை நான் துவைக்கவில்லை. ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன், தினமும் பார்க்கிறாள். பீட்ரூட் கறை துவைக்காமலே நாளாக ஆக மங்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது மங்குவதற்குள் எப்படியாவது வந்துவிடு, கண்ணு.

உன் வழி பார்த்திருக்கும்
அக்கா