கண்டக்டர் ஓட்டிய லாரி

ஐப்பசி 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். புது வேலைக்கு முதல் நாள். கை தானாகக் காக்கிச் சட்டையைத் தேடியது. ஓய்வு பெற்ற அன்றே அதைத் தன் தம்பிக்குக் கொடுத்தாகிவிட்டது என்று என் மனைவி சரசம் சொன்னாள். வெள்ளைச் சட்டை. மத்தியானத்துக்குள் கிரீஸ்.

முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டர். அறுபதில் ஓய்வு. மறு மாதமே டிரைவிங் ஸ்கூல். இரண்டாம் தடவையில் ஹெவி லைசென்ஸ் பாஸ். இப்போது மயிலாடியில் சிலையும் படிக்கல்லும் ஏற்றும் லாரி.

முதலாளி செல்லத்துரை. என்னைவிடப் பத்து வயது இளையவர். ஒரு வாரம் பார்ப்பாராம். வெள்ளிக்கிழமை ஓர் அம்மன் சிலை பேச்சிப்பாறைப் பக்கம் போகிறது. ராகு காலம் பத்தரைக்கு. அதற்குள் சிலை கோவில் முற்றத்தில் தரை தொட வேண்டும். மூக்கு நுனி உடையக் கூடாது. நடந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீட்டில் இருந்து டிவி பார்க்கலாம்.

டிவியே பார்க்கலாம் என்பது சரசத்தின் கட்சி. துபாயில் இருக்கும் மகனிடம் போனில்: "ஒனக்க அப்பாவுக்குக் கிறுக்கு பிடிச்சாச்சு மக்களே. அறுவது வயசிலயாக்கும் லாரி."

வில்லுக்குறிக்குப் பன்னிரண்டு படிக்கல். சேதாரம் இல்லை. ஒரே ஒரு குறை. வழியில் ஏழு பஸ் ஸ்டாப்பில் நிறுத்தியிருக்கிறேன். நான் நிறுத்தவில்லை, கால் நிறுத்தியது.

ஐப்பசி 5, செவ்வாய்

வெயில். மார்த்தாண்டத்துக்கு ஆட்டுக்கல் இருபது.

தக்கலையில் ஓர் அம்மா கை காட்டினார். நிறுத்திவிட்டேன். "அழகியமண்டபம் போவுமா?" "போவும், உள்ள தள்ளி நில்லுங்க" என்று வாய் முந்திக்கொண்டது. அவர் லாரியை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்குள்ள?" என்றார். பின்னால் கல்லோடு வரும் லோடுமேன் சுயம்புவுக்கு (அறுபத்திரண்டு வயது) சிரித்துச் சிரித்து இருமல். தண்ணீர் கொடுத்தேன்.

குடித்த தண்ணீருக்கு நன்றி இல்லை. முதலாளியிடம் சொல்லிவிட்டார். சாயங்காலம் போன்: "ஓய் தங்கப்பன், இது லாரியாக்கும். டிக்கெட்டும் கிழிச்சுக் குடுத்தீரா?"

மறக்க வேண்டியவை:
– கை காட்டினால் நிற்பது
– "படியில நிக்காத"
– வண்டி நின்றதும் பின்னால் திரும்பிப் பார்ப்பது

யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். இத்தனை வருஷமும் ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றவன் நான். முகங்களைப் பார்த்தேன், பைகளைப் பார்த்தேன், சில்லறையைப் பார்த்தேன். நேற்றுத்தான் வில்லுக்குறிப் பக்கம் மலை முழுசாக முன்னால் வந்தது. இந்த வேலை எனக்கு வேண்டும்.

ஐப்பசி 7, வியாழன்

மேகம். நேற்றும் நாலு ஸ்டாப்பில் நின்றேன். முதலாளிக்கு முகம் சரியில்லை. இரணியலில் இறக்க இன்று ஒரு சின்ன லோடு.

காலையில் சரசம் குடையும் கையுமாக வாசலில். "நானும் வாறேன். ஊருல ஆளுக சிரிச்சாச்சு, போதும்." ஏற்பாடு இதுதான்: பஸ் ஸ்டாப் கண்ணில் பட்டதும் குடையால் என் முழங்காலில் ஒரு தட்டு. நிறுத்தாதே என்று பொருள்.

பதினோரு ஸ்டாப், ஒன்றில்கூட நிற்கவில்லை. நாகர்கோவிலில் மட்டும், "என் தம்பி பெண்டாட்டி நிக்கா, நிறுத்துங்கோ" என்றாள். நிறுத்தவில்லை. அவளுக்குக் கோபம், எனக்குப் பெருமை. ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு இல்லை. முழங்காலில் வீக்கம், தைலம்.

ஐப்பசி 8, வெள்ளி

வானம் தெளிவு. கா. 7.30 புறப்பாடு. வைக்கோல் மெத்தையில் அம்மன், முகத்தில் மஞ்சள் துணி. சிலையைப் பிடித்தபடி சுயம்பு. முன்னால் நான், சரசம், குடை.

குலசேகரம் தாண்டும்வரை ஒரு தப்பும் இல்லை. அப்புறம் ஒரு பஸ் ஸ்டாப். ஐம்பது பேர் இருக்கும். பட்டுச் சேலை, மாலை, சிங்காரி மேளம். எல்லோரும் கை காட்டினார்கள். கல்யாணக் கூட்டம், பஸ் கிடைக்கவில்லை, பாவம் என்று நினைத்தேன். முழங்காலில் குடை. நிற்கவில்லை.

பின்னாலிருந்து சுயம்பு கேபினைத் தட்டினார். தட் தட். பஸ்ஸில் ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் போ. வேகம் கூட்டினேன். மறுபடியும் தட் தட், தட் தட். இந்த மனுஷனுக்கு இன்று என்ன அவசரம் என்று இன்னும் மிதித்தேன்.

முதலாளி போன். சரசம் எடுத்தாள். "ஓய், அம்மன வரவேக்க நிக்கியவங்கள விட்டுட்டு எங்க போறீரு?"

திருப்ப இடமில்லாத ரோடு. பேச்சிப்பாறை அணை வரை போய்த்தான் திருப்ப முடிந்தது. அங்கே மணி பத்து. வேலை போயிற்று என்று முடிவே செய்துவிட்டேன். சுயம்பு இறங்கி வந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அம்மனின் மஞ்சள் துணியைச் சரிசெய்யப் போனார்.

திரும்பி வரும்போது பாதி வழியில் பைக்குகளில் ஊர்க்காரர்கள். மேளம் ஒரு ஆட்டோவில். எங்களைக் கோவில் வரை கூட்டிப் போனார்கள். அங்கே ஊர்த்தலைவர் மாலையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். "கண்ணு தெரியாதாவோய்? மேளம் கொட்டி நிக்கோம், சீறிட்டுப் போறீரே!"

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் சரசம் குடையோடு இறங்கிவிட்டாள்.

"எதுக்குச் சத்தம் போடுதியோ? அம்மைக்கு மொதல்ல தண்ணியப் பாக்கணும்னு தோணிச்சு. அதான் வண்டி நிக்கல்ல. அணையப் பாத்தாச்சு, இனி ஊருக்குள்ள வருவா."

முன்னால் நின்றவர் கைகூப்பினார். பிறகு பக்கத்தில் நின்றவர். மேளக்காரர் ஒருவர், "அணை நெறஞ்சுல்லா கெடக்கு" என்றார். தலைவர் சுருட்டிய மாலையை விரித்தார். "செரி, எறக்குங்க."

10.26, தரை தொட்டது. மூக்கு முழுசு.

திரும்பும் வழியில் தக்கலை தாண்டியாயிற்று. அப்புறம் அவளே: "சாமி காரியத்தில பொய் சொல்லிட்டேன்."

"எனக்காகவா சொன்ன?"

"பின்ன, செலைக்காகவா?"

இந்த வேலையே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றவள். கண் நிறைந்துவிட்டது. துடைத்தால் பார்த்துவிடுவாள் என்று ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.

ஐப்பசி 9, சனி

மழை. மோட்டார் ரிப்பேர், தண்ணீர் வரவில்லை. முதலாளி போன் எட்டு மணிக்கு. எடுப்பதா வேண்டாமா என்று பார்த்து, கடைசி மணியில் எடுத்தேன்.

"ஓய், அந்த ஊர்த்தலைவர் கூப்பிட்டாரு."

"தெரியும் மொதலாளி. சாவியக் கொண்டு தாறேன்."

"சாவி என்னத்துக்கு? பக்கத்து ஊர்க்காரனுக்கு நம்ம பட்டறையில இருக்கிய பிள்ளையாரு வேணுமாம். புதன்கிழமை. அவனும் மொதல்ல அணையக் காட்டணும்ங்கான். அதே டிரைவரு வேணும், குடை வச்சிருந்த அம்மாவும் வேணும்ங்கான். இது எந்த சாஸ்திரத்தில இருக்குவோய்?"

"சரசத்திட்டதான் கேக்கணும்."

"என்னத்தயும் செய்யும். வேல ஒமக்குத்தான்."

சரசத்திடம் சொன்னேன். உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம். பச்சைப் பட்டுச் சேலையை எடுத்து வந்து கட்டிலில் விரித்து, இஸ்திரிப் பெட்டியைச் சூடேறப் போட்டாள்.

புதன் காலை ஆறரைக்கு வண்டி எடுக்க வேண்டுமாம். சொன்னது முதலாளி இல்லை.